ஆறு மாதமாக மாறாத கண்ணாடி

கேள்வி: எனக்கு 33 வயது. வேலையை விட்டு 14 மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன்பே மூன்று ஆண்டுகளாக வலைப்பூ எழுதிவந்தேன். கைபேசி, மடிக்கணினி போன்றவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்பது பற்றிய பதிவுகள். ஒரு நல்ல மாதத்தில் சம்பளத்தில் பாதியளவு அதிலிருந்தே வந்தது. முழுநேரமாக இறங்கினால் முழுச் சம்பளமும் வரும் என்று கணக்குப் போட்டேன். வரவில்லை. இப்போது ஐந்து வருமான வழிகள் வைத்திருக்கிறேன்: கூகுள் விளம்பரம், அஃபிலியேட் கமிஷன் (என் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கிடைப்பது), நிறுவனங்கள் பணம் கொடுத்து எழுதச் சொல்லும் ஸ்பான்சர் பதிவுகள், ஒரு மின்னூல், ஒரு கட்டண வகுப்பு. ஐந்தையும் கூட்டினாலும் பழைய சம்பளத்தில் கால் பங்கு தேறவில்லை. போன மாதம்தான் டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் இடம்), கீவேர்டு டூல் சந்தா எல்லாவற்றையும் இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். தளத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கையை, அதாவது டிராஃபிக்கைக் கூட்டச் சொல்லித்தரும் ஒரு கோர்ஸிலும் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குப் பென்ஷன் வருவதால் வீட்டுச் செலவுக்குக் கவலை இல்லை. ஆனால் என் உழைப்பை மதிக்க ஆளில்லை. அம்மா என் பதிவு ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கேட்டால் எழுத்து தெரியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் எத்தனை காலம் பொறுத்தால் முழுநேர வருமானம் வரும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, அம்மாவின் கண்ணாடியை ஏன் இன்னும் மாற்றவில்லை?

உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். இது மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒருவர் வலைப்பூ என்பார், இன்னொருவர் யூடியூப் என்பார், எல்லோரும் கேட்பது "எத்தனை காலம்" என்பதைத்தான். பொறுமையாக இருங்கள், உழைப்பு வீண்போகாது என்று நான்கு வரி எழுதினால் உங்களுக்கு இன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும். என்னால் அப்படி எழுத முடியவில்லை. அந்தக் கண்ணாடி விடமாட்டேன் என்கிறது.

அம்மா உங்களை மதிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிவது வேறு. ஒரு வயதான அம்மா ஆறு மாதமாக, எழுத்து தெரியவில்லை என்கிறார். அந்த ஆறு மாதத்துக்குள் டொமைனுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள், ஹோஸ்டிங்குக்குக் கட்டியிருக்கிறீர்கள், கோர்ஸுக்குக் கட்டியிருக்கிறீர்கள். முகம் தெரியாதவர்கள் எந்தச் சொல்லை எத்தனை முறை தேடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் டூலுக்கு ஒரு வருடச் சந்தா கட்டியிருக்கிறீர்கள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருவர் ஆறு மாதம் கேட்டது உங்கள் காதில் ஏறவில்லை.

"அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்று சலித்துக்கொள்கிறீர்களே, அவர் சாக்கு சொல்வதாகவா நினைக்கிறீர்கள்? பிள்ளையிடம் பணம் என்று வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற அம்மாக்கள் இப்படித்தான் கேட்பார்கள். பென்ஷன் அவர் கைக்குத்தானே வருகிறது, அவரே மாற்றிக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒருவருக்கு அளவாக இருந்த பென்ஷனில் 14 மாதமாக இரண்டு பேர் சாப்பிடுகிறீர்கள். இரவெல்லாம் ஓடும் கணினிக்கு மின்சாரமும் இணையமும் எதிலிருந்து போகின்றன? எதைத் தள்ளிப்போடலாம் என்று அவர் பார்த்திருப்பார். தள்ளிப்போட்டால் மற்றவர்களுக்குத் தெரியாத செலவு அவருடைய கண்தான்.

பார்வை குறைந்த ஒருவர் வீட்டில் எப்படி நடமாடுகிறார் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் அம்மா மாத்திரை அட்டையை முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பார், பிறகு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார், பிறகு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் அட்டையின் நிறத்தை வைத்து ஒரு மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொள்வார். ஒருநாள் மருந்துக் கம்பெனி அட்டையின் நிறத்தை மாற்றிவிட்டது. இரவு போட வேண்டிய மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு மத்தியானம்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். நாங்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அதனால்தான் உங்களை இவ்வளவு கடுமையாகக் கேட்கிறேன்.

கடைக்குப் போய்ப் பழைய பவரையே கொடுத்து வேறு கண்ணாடி வாங்கி வந்துவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கண்புரை என்றால் அறுவை சிகிச்சையில் சரியாகும். கண் அழுத்த நோய் என்றால் போன பார்வை திரும்பி வராது, மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். வெறும் பவர் மாற்றமாகவே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அது எது என்று தெரியாமலே ஆறு மாதம் போய்விட்டது.

சரி, இனி உங்கள் வருமானத்துக்கு வருவோம்.

ஐந்து வழிகள் என்று எண்ணிக் காட்டியிருக்கிறீர்கள். கூகுளில் தேடி வருகிற ஒருவர் உங்கள் பக்கத்தில் விளம்பரத்தைப் பார்க்கிறார். அவரேதான் அஃபிலியேட் லிங்கைத் தட்டுகிறார். அவரைப் போன்றவர்கள் இத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டித்தான் ஸ்பான்சரிடம் பேசுகிறீர்கள். மின்னூலையும் வகுப்பையும் விற்பதும் அவரிடம்தான். ஒரே ஊற்றில் ஐந்து குழாய் போட்டிருக்கிறீர்கள், அந்த ஊற்றும் உங்கள் நிலத்தில் இல்லை. 2011இல் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றி கூகுள் பாண்டா அப்டேட்டைக் கொண்டுவந்தபோது தளங்கள் பல ஒரே வாரத்தில் படுத்தன. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் வந்த மாற்றங்களில், ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக எழுதிய சிறிய தளங்கள்கூட வருகையில் பெரும்பகுதியை இழந்தன. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, தேடல் பக்கத்தின் தலையிலேயே ஏஐ எழுதிய விடையை கூகுள் காட்டுகிறது. இந்த போனா அந்த போனா என்று கேட்டு வருபவர் அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார். உங்கள் பதிவுவரை வருவதே இல்லை. இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஊற்றை நம்பி வேலையை விட்டது உங்கள் முடிவு.

வருகிற பணமாவது வேளைக்கு வருகிறதா? கூகுள் விளம்பரப் பணத்தைத் தரும் ஆட்சென்ஸில் இந்த மாதம் சம்பாதித்தது அடுத்த மாதம் 21இலிருந்து 26ஆம் தேதிக்குள் வரும். அதுவும் கணக்கில் 100 டாலர் சேர்ந்திருந்தால்தான், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். திரையில் காட்டும் தொகை மதிப்பீடுதான், செல்லாத கிளிக்குகளைக் கழித்த பிறகு நிற்பதுதான் உங்களுக்கு. அமேசான் அஃபிலியேட் பணம் மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வருகிறது. வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கமிஷனும் போய்விடும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் பல பொருள்களின் கமிஷனைக் குறைத்தது. மேசை, நாற்காலி வகைக்கு 8 சதவீதமாக இருந்தது ஒரே அறிவிப்பில் 3 ஆனது. அதை வைத்தே வீடு நடத்திக்கொண்டிருந்தவர்கள் யாரிடம் போய் முறையிட முடியும்?

சம்பளத்தில் பாதி வந்த அந்த நல்ல மாதம் எது என்று நீங்கள் எழுதவில்லை. நவம்பரா, டிசம்பரா? ஆண்டுக் கடைசியில் விளம்பரதாரர்கள் பணத்தைக் கொட்டுவார்கள், ஜனவரியில் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். நவம்பரைப் பார்த்து ராஜினாமா எழுதியவர்கள் மார்ச்சில் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் உங்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் வருவது ஒரே ஒரு பணம்தான். உங்கள் பட்டியலில் அதைக் காணவில்லை. ஆறாவதாக அம்மாவின் பென்ஷன் என்று எழுதியிருக்க வேண்டும். உண்மையில் அதை முதலாவதாக எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் 14 மாதமாக உங்கள் வலைப்பூவுக்கு முதல் போட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான். அவரிடம் கேட்டீர்களா? இத்தனை மாதம் எனக்குச் சோறு போடு, இந்தத் தேதிக்குள் நான் எழுந்து நின்றுவிடுவேன் என்று உட்கார்ந்து சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. "கவலை இல்லை" என்றுதான் இருக்கிறது. யாருக்குக் கவலை இல்லை?

பென்ஷன் என்பது உழைத்து முடித்தவருக்கு வருகிற கூலி. அவருடைய உழைப்போ உங்கள் அப்பாவின் உழைப்போ, இனி யாரையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம் என்பதற்காக வருவது. உடம்பில் தெம்புள்ள 33 வயதுப் பிள்ளை அதில் கை வைப்பது தவறு. உடம்பு முடியாமல் போயிருந்தால், வேலை போயிருந்தால் நானே அம்மாவிடம் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன், எந்த அம்மாவும் மறுக்கமாட்டார். நீங்களாக விட்ட வேலை இது. வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளை மாதா மாதம் ஏதாவது ஒரு தொகையை அம்மா கையில் கொடுக்க வேண்டும், அது சின்னத் தொகையாக இருந்தாலும் சரி. என் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம், என் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன். இது பழைய காலத்துப் பேச்சு என்று தோன்றினால் தோன்றட்டும்.

நெருக்கடி உங்கள் எழுத்தையும் விட்டுவைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். கையில் காசில்லாத மாதத்தில் ஒரு மெயில் வரும்: உங்கள் பதிவில் எங்கள் லிங்கைச் சேர்த்தால் பணம், ஆனால் விளம்பரம் என்று போடக் கூடாது. வேலை இருந்த காலத்தில் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டீர்கள். இப்போது பதில் எழுதுவீர்கள். காசுக்கு விற்கும் லிங்குக்கு அதற்குரிய அடையாளம் போடாவிட்டால் கூகுள் விதிப்படி குற்றம், தளமே தேடலில் பின்னுக்குப் போகலாம். தேறாத போனைத் தேறும் என்று எழுதத் தொடங்குவதும் இப்படித்தான். உங்களை நம்பி ஒருவர் மூன்று மாதச் சேமிப்பில் ஒரு போன் வாங்குகிறார் என்பதை மறந்துவிட்டால் அந்த வலைப்பூ இருந்தும் பயனில்லை.

வலைப்பூவை மூடச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் வேலையோடு சேர்த்தே எழுதினீர்கள், பாதிச் சம்பளம் வந்ததும் அப்போதுதான். திரும்பவும் அப்படியே எழுதலாம். வேலை தேடுங்கள். பழைய துறையில் உடனே கிடைக்காவிட்டால் பகுதிநேரமாக ஏதாவது செய்யுங்கள். பதிவு எழுதவும் தளம் நடத்தவும் தெரிந்த உங்களுக்கு, மற்றவர்களின் தளத்துக்கு எழுதிக்கொடுத்தும் தளத்தைப் பராமரித்துக் கொடுத்தும் கூலி வாங்க முடியும். வேலை முடிந்த வாரமே பணம் கேட்கலாம், 60 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த கோர்ஸில் பணத்தைத் திருப்பித்தரும் கெடு இன்னும் இருந்தால் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். வாசகர்களின் மின்னஞ்சலைச் சேர்த்துவைக்க ஆரம்பியுங்கள். கூகுள் கைவிட்டாலும் நீங்கள் நேராகப் பேசக்கூடியவர்கள் அவர்கள்தான்.

எத்தனை காலம் என்று கேட்டீர்கள். ஒரு நோட்டில் கடந்த 12 மாதத்தையும் எழுதுங்கள். திரையில் காட்டிய தொகை வேண்டாம், வங்கியில் வந்து விழுந்தது மட்டும். டூலுக்கும் ஹோஸ்டிங்குக்கும் கட்டியதைக் கழித்துவிடுங்கள். மிகவும் மோசமான மாதம் எதுவோ அதுதான் உங்கள் இன்றைய சம்பளம். அந்த மோசமான மாதத்தின் தொகையே வீட்டுச் செலவைத் தாங்கி, அம்மாவின் பென்ஷன் தொடாமல் அப்படியே நிற்கிற நிலை ஒரு முழு ஆண்டு நீடித்தால், அன்றைக்கு முழுநேரமாக இறங்குங்கள். அது இரண்டு ஆண்டில் வரலாம், வராமலும் போகலாம்.

அந்த நோட்டை அம்மாவிடம் காட்டுங்கள். எழுத்து தெரியாது, அதனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மாதமாக வாசித்துக் காட்டுங்கள். எவ்வளவு அவர் பணம் போயிருக்கிறது என்பதையும் சேர்த்து வாசியுங்கள். ஆனால் முதலில் கண் மருத்துவர். உங்கள் கையில் பணம் இல்லையென்றால் மடிக்கணினிக்கு வைத்திருக்கும் இரண்டாவது திரையையோ, பதிவு எழுத வாங்கிய பழைய போன்களில் ஒன்றையோ விற்றுவிட்டு நாளைக்கே கூட்டிப்போங்கள்.

புதுக் கண்ணாடி வந்ததும் உங்கள் வலைப்பூவைத் திறந்து அவர் முன்னால் நீட்டாதீர்கள். ஆறு மாதமாக எதைப் படிக்க முடியாமல் எடுத்து வைத்திருக்கிறாரோ, அதை முதலில் படிக்கட்டும்.