வலங்கைமானில் இறங்க வேண்டியவன் நீடாமங்கலத்தில் இறங்கினான்

கேள்வி: எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். மகனுக்கு 17 வயது, கும்பகோணத்தில் பிளஸ் டூ படிக்கிறான். காலை 4.30-க்கு எழுந்து சைக்கிளில் டியூஷன், அப்புறம் பள்ளி, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது. அவன் அப்பா ராத்திரி அங்கேதான் காவல். அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து புத்தகத்தை எடுத்தால் இவன் படுக்க ஒரு மணி ஆகிறது. தூக்கம் வராமலிருக்க ஒன்பது மணிக்கே பிளாஸ்கில் காபி ஊற்றி வைக்கிறேன். ஆனாலும் வகுப்பில் தூங்குகிறானாம். போன வாரம் பஸ்ஸில் தூங்கிப்போய் நீடாமங்கலத்தில் இறங்கி போன் செய்தான். படித்தது மறக்கிறது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை எழுப்ப முடியவில்லை. சொந்தக்காரர்கள் சோம்பேறி என்கிறார்கள். ஞாபகசக்திக்கு மாத்திரை கொடுக்கலாமா? டியூஷனுக்கு ஸ்கூட்டியைக் கொடுத்தால் அரை மணி நேரம் மிச்சமாகுமா?

பதில்: அம்மா, முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு மணிக்குப் படுத்து 4.30-க்கு எழுந்தால் மூன்றரை மணி நேரம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். பாதிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை அவன் தூங்குவது வாரக் கடனுக்கு வட்டி கட்டுவதுதான். சொந்தக்காரர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

படித்தது ஏன் மறக்கிறது? பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடக்கிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியலை நெருங்கும் சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம். நம் ஊர்க் கணக்கில் முன்னது தலைமடை, பின்னது கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் காயும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 4.30 அலாரம் அடிக்கும்போது அவனுடைய கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்காது. மனசைச் சமனாக வைப்பதில் கனவுத் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவன் எரிந்து விழுவதற்கு நீங்கள் வைத்த குழம்பு காரணமில்லை. ஞாபகசக்தி மாத்திரை என்று விற்கிற எதுவும் இந்தக் குறையைத் தீர்க்காது. காசைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது அந்த பிளாஸ்க். பாசத்தோடு போட்ட காபிதான், ஒப்புக்கொள்கிறேன். நாள் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூக்கம் கண்ணைச் சுழற்றுவது அதனால்தான். காபியில் உள்ள காஃபின் அடினோசினைக் குறைப்பதில்லை, மூளைக்குத் தெரியாமல் மறைத்து மட்டும் வைக்கிறது. பெரும்பாலோருக்குக் குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி, ராத்திரி இரண்டு மணிக்கும் உடம்பில் இருக்கும். படுத்தும் புரளுவான். தூங்கினாலும் ஆழம் குறையும். மறுநாள் இன்னும் களைப்பு, இன்னொரு டம்ளர். அதனால் காபியை மாலை நான்கு மணியோடு நிறுத்துங்கள். கும்பகோணத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு காபியே வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

ஸ்கூட்டி வேண்டவே வேண்டாம். 18 வயது ஆகாததால் லைசென்ஸ் கிடையாது என்பது ஒரு பக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவரின் கவனம் அளவுக்கு மழுங்குகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வண்டி ஓட்ட நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 30 மி.கி.தான். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் விடிய விடிய டியூட்டி பார்த்துவிட்டு நான் எழுதிய ஒரு மருந்துச் சீட்டில், பேனா கோடாக இழுத்துக்கொண்டு காகிதத்தைத் தாண்டி மேஜைவரை போயிருந்தது. நர்ஸ் தட்டி எழுப்பியபோதுதான் தூங்கியதே எனக்குத் தெரிந்தது. கையில் பேனா இருந்ததால் தப்பித்தேன்.

சரி, என்ன செய்யலாம்? ‘பத்து மணிக்குப் படு’ என்று அதட்டினால் நடக்காது. இந்த வயதில் தூக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்கும். அது அவன் பிடிவாதமில்லை, உடம்புக்குள் ஓடும் கடிகாரம். (அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.) கடிகாரத்தைத் திருப்பும் சாவி காலை வெளிச்சம். எழுந்ததும் இருபது நிமிடம் வாசலில், வெயில் படும்படி இருக்கட்டும்.

அதற்கு அவன் விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டுமே! டியூஷன் ஆசிரியரிடம் பேசி, பொதுத்தேர்வு வரைக்குமாவது மாலைக்கோ வார இறுதிக்கோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அதை விட்டுவிடலாம் என்பதுதான் என் கருத்து. தூங்கிவழிந்துகொண்டு கேட்கும் பாடத்துக்கு எதற்குக் காசு? கொள்முதல் நிலையத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக வேறு ஆள் பாருங்கள். இந்த இரண்டும் நடந்தால், மூன்று நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டே வந்து 10.30-க்குப் படுத்து 6.30-க்கு எழலாம். ஞாயிற்றுக்கிழமையும் 7.30-ஐத் தாண்ட வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் இருபது நிமிடம் கண்ணயரலாம், அதற்கு மேல் வேண்டாம். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்பான். உண்மைதான். அதைப் பார்த்து எழுதிக்கொண்டதும் போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும்.

குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பது போல் இருந்தாலோ, முகம் வெளுத்திருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவன் வயதுப் பையன்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, அதுவும் தூங்கிவழிய வைக்கும். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறான் என்றால் அது தூக்கப் பிரச்சினை மட்டுமாக இருக்காது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எப்போது வேண்டுமானாலும் போன் செய்து பேசலாம், கட்டணமில்லை.

மூன்று வாரம் இப்படி இருந்தும் வகுப்பில் தூங்கினால் பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த காபி மூன்றையும் ஒரு பழைய நோட்டில் அவனையே எழுதச் சொல்லுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதும் முன் அதைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.