மூணு வட்டிக் கடனை முதலில் அடையுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் வேலை செய்கிறேன். இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்ட, ஊரில் மூணு வட்டிக்கு 3 லட்சம் வாங்கினேன். புதுக்கோட்டையில் இருக்கும் மனைவிக்கு வாரத் தவணைக் கடன் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தார் வருகிறார்கள். பத்து சதவீதம் கமிஷன் கொடுத்தால் வங்கிக் கடனே எடுத்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். வங்கிக் கடன் ஏழையைத் தூக்கிவிடும் என்கிறார்களே, எதை வாங்கலாம்?

பதில்: மூணு வட்டி என்றால் மாதம் 9,000 ரூபாய். கட்டக் கட்ட அசல் அப்படியே நிற்கும். வீட்டில் போதிய நகை இருந்தால் அரசு வங்கியில் அடகு வைத்து அந்தக் கடனை அடையுங்கள். வருடத்துக்கு பத்து சதவீதம் என்றாலும் மாதம் 2,500 ரூபாய்தான். மிச்சம் 6,500 வீட்டுக்கு. வங்கிக் கடன் வறுமையைக் குறைக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. 1977 முதல் 1990 வரை, ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க, வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் திறக்க வேண்டும் என்று இந்தியாவில் விதி இருந்தது. கிராமத்து வறுமை குறைந்ததில் அதற்குப் பங்குண்டு.

புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு லட்சம் கடனில் பத்தாயிரம் அவர் பைக்குள் போகும், வட்டியோ முழு லட்சத்துக்கும் நீங்கள் கட்டுவீர்கள். வெற்றுக் காசோலை, பட்டா எதையும் கொடுக்கக் கூடாது. இவர்களை வளர்ப்பது வங்கிகளேதான். விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதம் கடன் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கவுண்டரிலோ "அடுத்த வாரம் வாம்மா" என்று ஏழைப் பெண்ணை மூன்று முறை திருப்பி அனுப்புகிறார்கள். வட்டிக்காரர் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுகிறார். எத்தனை வருடம் இதையே சொல்வது!

வாரத் தவணைக் கடன் வேண்டாம். ஆந்திராவில் 2010-ல் ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கித்தான் குடும்பங்கள் நொடிந்தன. ஒரே விதிவிலக்கு கறவை மாடு. அதுவும் ஊரில் பால் சங்கம் இருந்து, பால் பணம் தவணைத் தேதிக்கு முன்பே கைக்கு வருவதாக இருந்தால்தான். மாடு வற்றும் மாதங்களுக்குத் தவணைப் பணம் தனியாகக் கையில் இருக்க வேண்டும். சினை மாட்டை வாங்கிவிட்டு ஈனும்வரை காத்திருப்பதென்றால் இந்தக் கடன் ஆகாது. தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும். தீவனச் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதை மட்டுமே வருமானமாக எண்ணுங்கள்.

அவசரத்துக்கு இங்கேயும் வாங்கி அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் உரிமம் பெற்றவரே மாதம் 4 சதவீதம் வரை வாங்கலாம். வாட்ஸ்அப்பில் கடன் தருகிறேன் என்று வருபவர் உரிமம் பெற்றவரே அல்ல. சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளக் கணக்கு) விவரம் எதையும் கொடுக்காதீர்கள்.

பழைய கடனை அடைக்கும் நாளில் மனைவியோடு உறவினர் ஒருவரும் போகட்டும். புரோநோட்டைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள்.