நூறு தாளுக்கு எந்தப் பின்? ஹெவி டியூட்டி ஸ்டேப்ளர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் டியூஷன் நடத்துகிறேன். வினா-விடைத் தொகுப்பு ஒவ்வொன்றும் 150 பக்கம் வருகிறது. சாதா ஸ்டேப்ளரில் பின் மடங்கிவிடுகிறது. ‘100 தாள்’, ‘240 தாள்’ என்றெல்லாம் போட்டு விற்கிறார்கள். இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடலாமா?

வேண்டாம். பக்கம் வேறு, தாள் வேறு. இருபுறமும் அச்சடித்தால் 150 பக்கம் என்பது 75 தாள்தான். 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. கனம், 500 தாள் ரீமை ஸ்கேல் வைத்து அளந்தால் 5 செ.மீ. வரும். ஆக உங்கள் கட்டு, மேலும் கீழும் அட்டை சேர்த்து, 8 மி.மீ. கனம்.

பின் டப்பாவில் 23/13 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதலாவது கம்பியின் கேஜ். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். அதனால் 26ஐவிட 24 தடி, 24ஐவிட 23 தடி. இரண்டாவது எண் பின்னின் கால் நீளம், மில்லிமீட்டரில். கட்டின் கனத்தைவிடக் கால் 3 மி.மீ.யாவது நீளமாக இருந்தால்தான் மறுபக்கம் மடங்கிப் பிடிக்கும், 6 மி.மீ.க்கு மேல் நீண்டால் தொல்லை. உங்கள் 8 மி.மீ. கட்டுக்கு 11 முதல் 14 வரை என்று வருகிறது. 23/13 வாங்குங்கள், 23/13 ஏற்கிற மெஷின் போதும்.

இதே கணக்கில் 23/8 பின் 50 தாள் வரை, 23/10 என்றால் 70, 23/13 என்றால் 100, 23/15 என்றால் 120, 23/17 என்றால் 140 தாள் வரை தாங்கும். மெஷினின் பெயரிலேயே சில நேரம் இந்த விவரம் ஒளிந்திருக்கும். லூதியானாவின் காங்காரோ தயாரிப்பில் எச்டி-23எஸ்17 என்று பார்த்தால், 23 வரிசைப் பின், அதிகபட்சம் 17 மி.மீ. கால் என்று படித்துக்கொள்ளலாம். 240 தாள் மெஷினும் சின்னப் பின்னை ஏற்கும்தான். ஆனால் விலை கூட, எடை கூட, மேஜையில் அடைக்கும் இடமும் கூட. முப்பது தாளுக்கும் அந்த நீளக் கைப்பிடியை முழுசாக அமுக்கித் தூக்க வேண்டும்.

கடையில் வாங்கினால் மூன்றைப் பாருங்கள். எந்தெந்தப் பின் ஏற்கும் என்று மெஷின் மேலேயோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கிறதா? தாள் எவ்வளவு உள்ளே போகலாம் என்று நிறுத்தும் தடுப்பு நகர்த்தி இறுக்கும்படி இருக்கிறதா? கைப்பிடியைப் பாதி அமுக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா? ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். பின் கோணலாக இறங்குவதற்கு அந்த ஆட்டமே போதும்.

கடையில் ‘ஹெவி பின்’ என்று கேட்டேன், 24/8 கொடுத்தார்கள். மெஷினில் 23/8 என்று போட்டிருக்கிறது. கால் நீளம் ஒன்றுதானே, போடலாமா?

கூடாது. கால் நீளம் ஒன்று, கம்பி வேறு. மெல்லிய கம்பி, தடிக் கம்பிக்கான பாதையில் தளர்வாக உட்காரும். அடிக்கும் தகடு ஒரே அடியில் ஒன்றரைப் பின்னைத் தள்ளும்; அந்த அரைப் பின்தான் மெஷினில் பின் வெளிவரும் வாயில் சிக்குவது. கடையில் ‘ஹெவி பின்’ என்று கேட்காதீர்கள், ‘இருபத்துமூணு-எட்டு’ என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பழைய டப்பா கையில் இருந்தால் இன்னும் நல்லது.

23/17 பின் ஒரு டப்பா மீதம் இருக்கிறது. 50 தாள் கட்டுக்கு அதையே அடித்தால் பின்னின் முனை முன்பக்கம் குத்திக்கொண்டு வருகிறது. மெஷின் கோளாறா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. 50 தாள் 5 மி.மீ.; கால் 17. மீதி 12 மி.மீ. கம்பி மடங்க இடம் வேண்டும். 23 வரிசைப் பின்னின் முதுகு, அதாவது இரண்டு காலையும் இணைக்கும் மேல் கம்பி, அதன் அகலமே சுமார் 13 மி.மீ.தான். இரண்டு பக்கத்திலிருந்தும் 12, 12 என்று மடங்கி வந்தால் நடுவில் ஒன்றோடொன்று மோதும். மோதியது விலக வழியில்லாமல் தாளுக்குள் திரும்ப ஏறும், மேல் தாளைத் துளைத்து எட்டிப் பார்க்கும். ஆறு மி.மீ. வரம்பு சொன்னதன் காரணமும் இதுதான்: முதுகின் பாதி அகலம்.

மீதமுள்ள பின்னை வீணாக்க மனமில்லையென்றால் கனமான கட்டு வரும்வரை வைத்திருங்கள். கீழே வெற்று அட்டை வைத்துக் கனம் கூட்டி அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏழெட்டு மி.மீ. அட்டை வேண்டும், அதற்கு ஆகும் செலவில் சரியான பின் ஒரு டப்பா வாங்கிவிடலாம்.

ஒரு கால் சரியாக இறங்குகிறது, இன்னொன்று மேலேயே சுருண்டுவிடுகிறது. ஏன்?

அடித்த பின்னைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கக் கால்தான் சுருள்கிறதா, மாறி மாறியா?

மாறி மாறி என்றால் குற்றம் அடிக்கும் முறையில். கைப்பிடியின் நுனியை விட்டுவிட்டு நடுவில் குத்துவது, முஷ்டியால் ஓங்கி அடிப்பது, தாள்களுக்கு நடுவே காற்று நிற்பது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். லேசர் பிரின்டரில் இருந்து சூடாக வந்த தாள் வளைந்து, கட்டு உப்பியிருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு, இரண்டு ஓரத்தையும் மேஜையில் தட்டிச் சமன் செய்து, பைண்டர் கிளிப் போட்டு இறுக்கிக்கொண்டு அடியுங்கள். கைப்பிடி நுனியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, பின் தாளைத் தொடும் வரை மெதுவாக இறக்கி, அங்கிருந்து நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அடிவரை அமுக்க வேண்டும். நடுவழியில் நிறுத்தி மீண்டும் அமுக்கினால் கால் வளைந்துவிடும்.

ஒரே பக்கம்தான் சுருள்கிறது என்றால் அடிக்கும் தகட்டின் விளிம்பு அந்தப் பக்கம் தேய்ந்தோ உடைந்தோ இருக்கலாம், அல்லது கீழே பின் மடங்கும் பள்ளத்தகடு நகர்ந்திருக்கலாம். பள்ளத்தகட்டின் திருகை இறுக்கிப் பாருங்கள். தகடு தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அரம் போட்டுச் சரிசெய்ய முயன்றால் தகடு குட்டையாகி, பின் முழுதாக இறங்காது.

கட்டுக்குள் லேமினேஷன் தாளோ பிளாஸ்டிக் உறையோ இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பிளாஸ்டிக்கில் கால் வழுக்கிக் கோணும். அதை வெளியே எடுத்துவிட்டு அடியுங்கள்.

மெஷின் வாயில் பின் சிக்கிவிட்டது. எப்படி எடுப்பது?

பின்னைத் தள்ளும் ஸ்பிரிங் கம்பியை முதலில் வெளியே இழுத்துவிடுங்கள். பின்னால் அழுத்தம் இருக்கும்வரை சிக்கியது வராது; வந்தாலும் கண்ணை நோக்கித் தெறிக்கும். மீதிப் பின் வரிசையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். மெஷினைச் சாய்த்து, செல்போன் டார்ச் அடித்து வாயைப் பார்த்தால் வளைந்த கம்பி தெரியும். மூக்குக் குறடால் கீழ்நோக்கி இழுத்து எடுங்கள். மேலிருந்து ஸ்குரூ டிரைவரால் குத்தாதீர்கள். நீங்கள் குத்துவது பின்னை அல்ல, அடிக்கும் தகட்டின் விளிம்பை.

எடுத்த பிறகு வெறுமனே அமுக்கிச் சோதிக்க வேண்டாம். தாள் இல்லாமல் அடித்த பின் பள்ளத்தகட்டிலேயே சுருண்டு அடுத்த சிக்கலுக்கு வழி செய்யும். கழிவுத் தாளை அந்தப் பின்னுக்குரிய கனத்துக்கு அடுக்கி அதில் அடித்துப் பாருங்கள். உடைந்த துண்டு வரிசைகளைப் போடாமல் முழு வரிசையாகவே போட்டால் சிக்குவது பாதி குறையும்.

எண்ணெய் விடலாமா?

கைப்பிடி திரும்பும் ஆணியில் ஒரு சொட்டு, தையல் மெஷின் எண்ணெய். பின் ஓடும் பாதையில் விடக்கூடாது. விட்டால் முதல் இருபது கட்டில் எண்ணெய்க் கறை. அதன்பின் தூசி ஒட்டிப் பாதையே இறுகும்.

ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்துச் சின்னப் புத்தகம் செய்ய வேண்டும். இதே மெஷின் போதுமா?

போதாது. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. நடுக்கோட்டில் அடிக்க, தாள் 148.5 மி.மீ. உள்ளே போக வேண்டும். சாதாரண ஹெவி டியூட்டி மெஷினின் வாய் அவ்வளவு ஆழம் இல்லை. நீளக் கை ஸ்டேப்ளர் என்று தனியாக வருகிறது, அதுதான் வேண்டும். ஏ3ஐ மடித்து ஏ4 புத்தகம் செய்வதென்றால் 210 மி.மீ. ஆழம். இதற்குப் பெரிய பின் தேவையில்லை; 15 தாள் வரை 24/6 அல்லது 26/6 போதும். அதற்கு மேல் மடித்தால் உள்தாள்கள் வெளியே பிதுங்கி, ஓரம் வெட்டியாக வேண்டும்.

எப்போதோ நாலு புத்தகம்தான் என்றால் செலவே வேண்டாம். சாதா ஸ்டேப்ளரை முழுக்க விரித்து, தாளின் கீழே தெர்மோகோல் துண்டு வைத்து, மடிப்புக் கோட்டில் அடியுங்கள். தாளை மெல்லத் தூக்கி, கால்களை ஸ்கேல் விளிம்பால் உள்பக்கம் மடித்து அழுத்துங்கள். மேலிருந்து கால் பங்கு, கீழிருந்து கால் பங்கு தூரத்தில் இரண்டு பின்.

மணிக்கட்டு வலி இருக்கிறது. 80 தாள் அமுக்க முடியவில்லை.

முதலில் உயரத்தைக் குறையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மார்பு உயர மேஜையில் அமுக்கினால் முழுப் பாரமும் மணிக்கட்டில் விழும். இடுப்புக்குக் கீழான ஸ்டூலில் மெஷினை வைத்து, நின்றுகொண்டு, முழங்கையை மடக்காமல் உடம்பு எடையைச் சாய்த்தால் வேலை முடிந்தது. அதுவும் முடியாதென்றால் கூடுதல் நெம்புகோல் வைத்த, பலம் குறைவாகக் கேட்கும் மாடல்களைப் பாருங்கள். மின்சார ஸ்டேப்ளர் வாங்குமுன் தாள் எண்ணிக்கையைக் கவனியுங்கள். வீட்டுக்கென்று விற்பவை பெரும்பாலும் 20 தாளோடு நின்றுவிடும்.

வீட்டுப் பத்திரம், பழைய ரசீதுகளை எல்லாம் சேர்த்து ஒரே கட்டாகப் பின் அடித்து வைக்கலாமா? கடலோர ஊர்.

நகலுக்கு அடியுங்கள், மூலத்துக்கு வேண்டாம். உப்புக் காற்றில் சாதாரணப் பின் துருப்பிடிக்கும். துரு தாளில் இறங்கினால் போகாது. பின்னைப் பிடுங்கும்போது தடிக் கம்பி விட்ட ஓட்டையும் அப்படியே நிற்கும். நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிப்பதை நிறுத்தச் சொல்லி ரிசர்வ் வங்கி 2001இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டதும் நோட்டு கிழிவதால்தான். மூலப் பத்திரத்தை உறையில் போட்டு வையுங்கள். ரசீதுகளுக்குப் பஞ்ச் செய்து நூல் டேக் கோத்தால் போதும், நடுவில் ஒன்றை எடுக்கவும் சுலபம்.

ஏற்கெனவே அடித்த கட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். கிழியாமல் பின்னை எப்படி எடுப்பது?

பல் வைத்த சின்ன ரிமூவரை 23 வரிசைப் பின்னிடம் கொண்டுபோகாதீர்கள், தாளைத்தான் கடிக்கும். கட்டைக் கவிழ்த்து, மடங்கிய இரண்டு காலின் அடியிலும் தட்டை முனை ஸ்குரூ டிரைவரை நுழைத்து நேராக நிமிர்த்துங்கள். கீழே பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றைச் செருகிக்கொண்டால் தாளில் தழும்பு விழாது. பிறகு கட்டைத் திருப்பி, முதுகின் அடியில் அதே முனையை விட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, குறடால் நேர் மேலே இழுங்கள். உடைந்த துண்டு உள்ளே நிற்கிறதா என்று ஓரத்தை விசிறிப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் போடுங்கள். தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் ஒரு துண்டு போனாலும் கண்ணாடியில் கோடு விழும். அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனிலும் அந்தக் கோடு வரும்.