வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த பிறகு அந்தத் தடி யாரிடம் இருக்கும்?

வணக்கம் ஐயா,

எலெக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பார்வையற்றவர்களுக்கான ஸ்மார்ட் ஸ்டிக் செய்கிறோம். அல்ட்ராசோனிக் சென்சார், அர்டுய்னோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, பஸ்ஸர். எதிரே ஏதாவது வந்தால் சத்தம் போடும். முதல் ரிவ்யூ முடிந்துவிட்டது. ஜிபிஎஸ்ஸும் ஒரு ஆப்பும் சேர்த்தால்தான் நல்ல மதிப்பெண் வரும் என்கிறார் கைடு. ஆனால் எங்கள் லேப் அலமாரியில் சீனியர்கள் செய்த இதே மாதிரி தடிகள் தூசி படிந்து கிடக்கின்றன. அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. மக்களுக்குப் பயன்படும் என்று சொல்லித்தான் எல்லோரும் தொடங்குகிறோம். ஒரே செமஸ்டரில் மாணவர்களால் அப்படி ஒன்றை உண்மையிலேயே செய்ய முடியுமா? இல்லை, வேறு தலைப்புக்கு மாறிவிடலாமா?

கே.

*

அன்புள்ள கே.,

தலைப்பை மாற்ற வேண்டாம். அந்த அலமாரியைப் பார்த்துச் சங்கடப்பட்டீர்கள் இல்லையா, வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சென்சார் வருகிறது, கைடு வருகிறார், சீனியர்கள் வருகிறார்கள், அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போகிறவர் மட்டும் எங்கேயும் வரவில்லை. அலமாரியில் கிடக்கும் தடிகளுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சர்க்யூட் வேலை செய்திருக்கும், டெமோ நன்றாகப் போயிருக்கும், பார்வையற்ற ஒருவர் அதை வைத்துக்கொண்டு ஒரு தெருவைக்கூடக் கடந்திருக்க மாட்டார்.

பஸ்ஸரையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவர் நடக்கும்போது காதைத்தான் பெரிதும் நம்புகிறார். வண்டி எந்தப் பக்கம் வருகிறது, பக்கத்தில் சுவர் இருக்கிறதா, திறந்த வெளியா, தடி தட்டும் சத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்று எல்லாமே அவருக்குக் காது வழியாக வருகிற செய்தி. அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே விடாமல் கீச்சிடும் ஒன்றை வைத்தால் அவருக்கு உதவியா, தொந்தரவா? போதாததற்கு, நெரிசலில் நிற்கும்போது அது ஓயாமல் கத்தும், சுற்றியிருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், தடி வைத்திருக்கும் ஒருவருடன் அரைமணி நேரம் நடந்தால் அவரே சொல்லிவிடுவார்.

அப்புறம் சென்சார். நீங்கள் வாங்கியிருப்பது பெரும்பாலும் எச்.சி.-எஸ்.ஆர்.04 ஆகத்தான் இருக்கும். 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும் என்று டேட்டாஷீட்டில் போட்டிருப்பார்கள். ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத்தான் அது தூரத்தைக் கணக்கிடுகிறது. எதிரே கெட்டியான, தட்டையான பரப்பு நேராக நின்றால் சரி. சாய்வாக நிற்கும் பலகையில் பட்ட ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், தொங்கும் துணி ஒலியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். முன்னால் பள்ளம் இருந்தால் நேராகப் பார்க்கும் சென்சாருக்குத் தெரியவே தெரியாது. தடியோ ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்பதில்லை, இடதும் வலதுமாக வீசிக்கொண்டேதான் நடப்பார்கள், அந்த வீச்சில் சென்சார் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதே மாறிக்கொண்டிருக்கும். டெமோ மேசையில் அட்டைப்பெட்டியை எதிரே வைத்துக் காட்டும்போது இதில் ஒன்றுகூட வெளியே வராது.

இவ்வளவும் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இதே தலைப்பில் மாணவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். டெல்லி ஐஐடியின் ஸ்மார்ட்கேன், பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழிகாட்டுதலில் இளநிலை மாணவர்களின் கோர்ஸ் ப்ராஜெக்டாகத்தான் தொடங்கியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர்கள் வெள்ளைத்தடிக்கு மாற்றாக ஒன்றைச் செய்யப் போகவில்லை. தரையில் இருக்கும் கல், படி, பள்ளம் இதையெல்லாம் சாதாரணத் தடியே நன்றாகக் கண்டுபிடித்துவிடும். அதனால் முடியாதது முழங்காலுக்கு மேலே இருப்பவைதான்: தாழ்ந்த மரக்கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, லாரியின் பின்பக்கம். ஆகவே தடியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் சாதனமாக அதைச் செய்தார்கள். முழங்காலிலிருந்து தலை உயரம் வரை, சுமார் 3 மீட்டருக்குள் ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும், தூரத்தைப் பொறுத்து அதிர்வு மாறும். காதுக்கு எந்த வேலையும் இல்லை. அது சந்தைக்கு வந்தது 2014இல். 2000-களின் நடுவில் தொடங்கிய வேலை! பயன்படுத்துபவர்களிடம் கொடுத்துப் பார்ப்பதும், அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்துவதும், தயாரிக்க ஆள் தேடுவதுமாக அத்தனை ஆண்டுகள் போயிருக்கின்றன.

கேள்வியே மாறிப்போவதும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 2007இல் ஒரு வகுப்பில், குறைமாதக் குழந்தைகளுக்கு விலை குறைந்த இன்குபேட்டர் செய்யுங்கள் என்று ஒரு குழுவிடம் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தால், நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாக நிற்கின்றன, குழந்தைகள் பிறப்பதோ தொலைதூரக் கிராமங்களில். கடைசியில் அவர்கள் செய்தது மின்சாரம் இல்லாத இடத்திலும் குழந்தையைப் பல மணி நேரம் 37 டிகிரி வாக்கில் வைத்திருக்கும், மெழுகு மாதிரி உருகி உறையும் பொருளை உள்ளே வைத்த ஒரு சின்னப் பை. எம்ப்ரேஸ் என்று பெயர். போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் மலிவான இன்னொரு இன்குபேட்டர்தான் வந்திருக்கும், அதுவும் காலியாகவே நின்றிருக்கும்.

சரி, ஒரே செமஸ்டர் என்கிறீர்கள். அதற்குள் முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எபிக்ஸ் என்று ஒரு திட்டம் 1995 முதல் நடக்கிறது. சமூக அமைப்புகளுக்காக மாணவர்கள் பொறியியல் வேலை செய்வார்கள். அங்கே ஒரு ப்ராஜெக்ட் பல செமஸ்டர்கள் ஓடும், முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள், மூத்தவர்கள் படிப்பை முடித்துப் போனாலும் வேலை நிற்காது. உங்கள் கல்லூரியில் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டால் நீங்களே செய்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டிலிருந்து இரண்டு ஜூனியர்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்யூட் படம், கோட், எந்த உதிரிபாகம் ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள் என்பது, தடியைப் பிடித்துப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது, எல்லாவற்றையும் அவர்களுக்குப் புரியும்படி எழுதி வைத்துவிட்டுப் போங்கள். முக்கியமாக, பேட்டரி தீர்ந்தாலோ ஒரு கம்பி அறுந்தாலோ தடி வைத்திருப்பவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லை என்றால் நான்கு மாதத்தில் அவர் பழைய தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஜிபிஎஸ்ஸைப் பற்றிக் கைடிடம் தைரியமாகப் பேசுங்கள். வழிகாட்டும் வேலையைப் போனே செய்கிறது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதியும் அதில் உண்டு. தடியில் அதையும் ஏற்றினால் எடை கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், நாள் முழுக்க அதை வீசி நடக்கிற மணிக்கட்டுக்குத்தான் வலி. வெறும் வாயால் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தடி பயன்படுத்துகிற நான்கைந்து பேரிடம் போய், அவர்கள் நேரத்துக்கு மரியாதை கொடுத்து, கடந்த ஒரு மாதத்தில் எங்கெங்கே எதில் இடித்துக்கொண்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் ஸ்டிக் வேண்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள், மனசு நோகக்கூடாதே என்று எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இடித்துக்கொண்ட இடங்களின் பட்டியலை அடுத்த ரிவ்யூவில் முதல் பக்கமாக வையுங்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற பேச்சு அதை வைத்தே நடக்கட்டும்.

அந்தப் பட்டியல் கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். சென்சாரை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் மாட்டுவது என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.