சனிக்கிழமை தோட்டா வாங்கிப் போகாதீர்கள்

தம்பி, டல்லாஸுக்கு வந்து நான்கு மாதம், எச்-1பி விசா என்று எழுதியிருக்கிறீர்கள். அலுவலக நண்பர்கள் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் கூடத்துக்கு அழைக்கிறார்கள்; வரும் வழியில் ஒரு பெட்டி தோட்டா வாங்கிவரச் சொல்கிறார்கள்; டெக்சாஸில் உரிமம் வேண்டாமாமே, வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. வாங்காதீர்கள். சுடவும் வேண்டாம்.

நண்பர்கள் சொன்னது பொய்யில்லை. டெக்சாஸ் மாநிலம் தோட்டா வாங்க உரிமம் கேட்பதில்லை. கடையில் வயதைத்தான் பார்ப்பார்கள்: நீளத் துப்பாக்கித் தோட்டாவுக்கு 18, கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21. விசாவைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் இடறி விழுவது இந்த இடத்தில்தான். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று 1998-இலேயே அமெரிக்கா முழுமைக்குமான கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. ஒற்றைத் தோட்டாவானாலும் குற்றம்தான். 2022 முதல் அதற்கு 15 ஆண்டுவரை சிறை. தண்டனை பெற்றால் நாடுகடத்தலும் கூடவே வரும். முறையான வேட்டை உரிமம் இருப்பவருக்கு விலக்கு உண்டு. அதை நம்பி இறங்குமுன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஃபுளோரிடாவில் ரெஹைஃப் என்ற மாணவர் படிப்பில் தோற்றுக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். விசா நிலை முடிந்த பிறகு சுடும் கூடத்துக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார். அதற்காக அவர்மேல் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. உங்கள் விசா எது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், தம்பி. அந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்காது.

நான் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி வாங்கினேன். தோட்டாவைத் துப்பாக்கியோடு வைக்காமல் தனி இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறேன். அம்மாவும் அப்பாவும் பி-2 விசாவில் வந்து தங்கும் மாதங்களில் சாவி என் சட்டைப்பையை விட்டு இறங்காது. அவர்களும் அதே தடைக்குள் வருகிறவர்கள். எடுத்து ஆள முடிகிற இடத்தில் கிடந்தாலே, வைத்திருந்ததாக வழக்குத் தொடுக்க இடமிருக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொன்று: தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குக் கிடைத்தால் டெக்சாஸிலும் குற்றம்.

வேலை மாறி வேறு மாநிலம் போகும் நாளில், கிரீன் கார்டு இருந்தாலும், கணக்கு மாறிவிடும். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் பின்னணிச் சோதனை, அதாவது வாங்குபவருக்குச் சட்டத் தடை உண்டா என்ற சரிபார்ப்பு, வைத்தது. அங்கே குடியிருப்பவர் வெளி மாநிலத்தில் வாங்கிக் காரில் கொண்டுவருவதையும் தடுத்தது. இவற்றை எதிர்த்து நீண்ட வழக்கு நடந்திருப்பதால், வாங்கும் நாளில் நிலவரத்தைப் பாருங்கள். 2024 முதல் 11 விழுக்காடு தனி வரியும் உண்டு. நியூயார்க்கிலும் 2023 செப்டம்பர் முதல் தோட்டா வாங்கப் பின்னணிச் சோதனை உண்டு. இல்லினாயில் குடியிருப்பவர் மாநிலக் காவல்துறை தரும் அட்டை இல்லாமல் தோட்டாவை வைத்திருக்கவே கூடாது.

சென்னைக்குக் கிளம்பும் முந்தைய இரவு ஒருமுறை கைப்பையை உதறினேன். உள்துணியின் தையல் பிரிந்த மூலையில் விரல் நுனிக்கு ஏதோ உருண்டது. பித்தளை நிறத்தில் ஒரு பாயின்ட் 22 தோட்டா, சுண்டுவிரலின் பாதிகூட இல்லை. எப்போது உள்ளே போனதென்று எனக்கே தெரியாது. மீனம்பாக்கத்தில் திரும்பும்போது எக்ஸ்ரேயில் அது தெரிந்திருந்தால், 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் பிடிபட்டு, தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்திருப்பேன். அன்றிரவு கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. சுடும் கூடத்துக்கு எடுத்துப்போகும் பை இப்போது கார் ஷெட்டில் தொங்குகிறது. ஊருக்குப் போகும் பெட்டிகள் மாடி அறையில் இருக்கின்றன.