ப்ளூஸ் (கறுப்பின மக்களின் சோகப் பாட்டு), கன்ட்ரி (தென்மாநில நாட்டுப்பாட்டு வழி வந்தது), காஸ்பெல் (தேவாலயப் பாட்டு) எல்லாம் கலந்து சொந்தப் பாட்டு போட்ட அமெரிக்கக் குழுக்களில் எதைக் கேட்கலாம்? இத்தனையைக் கலந்தால் எதுவும் உருப்படியாக வருமா?

வரும். எனக்குத் தெரிந்து அதை மிகச் சரியாகச் செய்தவர்கள் ‘தி பேண்ட்’. பெயரே அவ்வளவுதான், இணையத்தில் தேடினால் உலகத்திலுள்ள எல்லாக் குழுவும் வந்து நிற்கும். ஐந்து பேர். டிரம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம் மட்டும் அமெரிக்கர், அர்கன்சாவில் பருத்தி விவசாயி மகன். கிட்டாரிஸ்ட் ராபி ராபர்ட்சன், பேஸ் வாசித்த ரிக் டான்கோ, பியானோவில் ரிச்சர்ட் மேனுவல், ஆர்கனில் கார்த் ஹட்சன் ஆகிய நால்வரும் கனடாவின் ஒன்டாரியோக்காரர்கள். அமெரிக்கத் தென்மாநில மண்வாசனைக்குப் பேர்போன குழுவில் முக்கால்வாசிக்கு மேல் கனடாக்காரர்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

இரண்டு ஆல்பங்கள் கேட்டால் போதும்: 1968இல் வந்த ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’, 1969இல் குழுவின் பெயரிலேயே வந்த இரண்டாவது ஆல்பம். பிற்பாடு வந்தவற்றில் நல்ல பாடல்கள் உண்டு, ஆனால் ஆல்பமாக இந்த இரண்டுக்கு ஈடில்லை.

கலவை ஏன் உறுத்தவில்லை என்பதற்கு வருகிறேன். இவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கலக்கவில்லை. ரானி ஹாக்கின்ஸ் என்ற அர்கன்சாப் பாடகர் 1950களின் கடைசியில் லெவனோடு ஒன்டாரியோ வந்து, டொராண்டோ மதுக்கூடங்களில் ராக் அண்ட் ரோல் பாடிப் பிழைத்தார். கூட வந்த அமெரிக்கர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்ப, அந்த இடங்களில் இந்தக் கனடாப் பையன்கள் சேர்ந்தார்கள். குடிக்க வந்த கூட்டம் எதைக் கேட்கிறதோ அதை வாசித்தாக வேண்டும், இரவுக்கு இரவு. ஒருத்தன் காஸ்பெல் பாணியில் ப்ளூஸ் பாடிய ரே சார்ல்ஸின் பாட்டு கேட்பான், அடுத்தவன் கன்ட்ரி கேட்பான். அப்படிப் பல ஆண்டுகள்.

அதோடு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தது வேறு வேறு. லெவன் சிறுவயதில் பக்கத்து ஊரான ஹெலினாவின் வானொலி நிலையத்தில் ப்ளூஸ்காரர் சன்னி பாய் வில்லியம்சன் ஹார்மோனிகா வாசிப்பதை நேரிலேயே பார்த்தவர். ஊருக்கு வரும் கூடார நாடகக் கம்பெனிகளையும் பார்த்து வளர்ந்தவர். டான்கோவுக்கு வானொலியில் வந்த கன்ட்ரி. மேனுவலுக்கு ரே சார்ல்ஸ்தான் எல்லாம். ராபர்ட்சனின் தாயார் சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். அங்கிருந்த உறவினர்களிடம்தான் பையன் கிட்டார் தொட்டது. ஹட்சன் முறையாக மேற்கத்தியச் செவ்வியல் படித்தவர். மதுக்கூடக் குழுவில் சேர்கிறேன் என்று பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? லௌரி ஆர்கன் ஒன்று வாங்கித் தர வேண்டும், மற்றவர்களுக்கு இசைப் பாடம் எடுப்பதாகக் கணக்குக் காட்டித் தனியாகப் பணம் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் சேர்ந்தார்!

பிறகு, நாட்டுப்புறப் பாடகராகப் பேர் வாங்கிய பாப் டிலன். 1965-66இல் அவர் மின் கிட்டாரோடு சுற்றுப்பயணம் போனபோது பின்னால் நின்று வாசித்தவர்கள் இவர்கள்தான். நாட்டுப்புறப் பாடல் கேட்க வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். லெவன் வெறுத்துப்போய்ப் பாதியில் கிளம்பி, மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலைக்குப் போய்விட்டார், பிறகுதான் திரும்பினார். 1967இல் டிலனும் மற்றவர்களும் நியூயார்க் மாநிலம் வெஸ்ட் சாகர்ட்டீஸில் ‘பிக் பிங்க்’ என்று அழைத்த இளஞ்சிவப்பு நிற வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் கூடி, பழைய பாடல்களையும் புதியவற்றையும் வாசித்துப் பதிந்துகொண்டிருந்தார்கள். சின்ன அறை. சத்தமாக வாசித்தால் பாடுகிறவன் குரல் கேட்காது, அதனால் எல்லோரும் அடக்கி வாசிக்கப் பழகினார்கள். ராக் குழுக்கள் ஒலிபெருக்கியை ஏற்றிக்கொண்டே போன காலம் அது. இவர்கள் ஆல்பத்தில் மட்டும் கிட்டார் தலைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிரிட்டிஷ் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் இதைக் கேட்டபின் தன் க்ரீம் குழு மேல் இருந்த பற்றே போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரே பாட்டில் எல்லாவற்றையும் காட்டு என்றால் இரண்டாவது ஆல்பத்தின் ‘ரேக் மாமா ரேக்’ (Rag Mama Rag). டிரம்ஸ்காரர் லெவன் மாண்டலினை எடுத்துக்கொண்டு பாடுகிறார், பேஸ்காரர் டான்கோ கையில் பிடில், பியானோக்காரர் மேனுவல் டிரம்ஸில் போய் உட்கார்ந்துவிட்டார், ஹட்சன் பியானோவில். பேஸ் வாசிக்க ஆளில்லை. தயாரிப்பாளர் ஜான் சைமன் ட்யூபா ஊதி அந்தக் குறையை அடைக்கிறார். பிடில் மலைநாட்டுக்காரன், பியானோ ராக்டைம் என்ற பழைய அமெரிக்கப் பியானோ பாணி, ட்யூபா பித்தளை வாத்தியக் கோஷ்டியிலிருந்து வந்தது. ஆனால் கேட்கும்போது எந்த இடத்திலும் “இதோ கன்ட்ரி, இதோ ஜாஸ்” என்று சுட்ட முடியாது. மேனுவலின் டிரம்ஸ் கொஞ்சம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் இல்லாவிட்டால் பாட்டே சப்பென்று போயிருக்கும் என்பது என் கட்சி.

அதே ஆல்பத்தில் ‘அப் ஆன் கிரிப்பிள் க்ரீக்’ கேட்டால் நம் ஆட்களுக்கு ஒரு நொடி காது நிமிரும். அட, மோர்சிங்! ஆனால் அது மோர்சிங் இல்லை. ஹட்சன் கிளாவிநெட் என்ற மின் விசைப்பலகையை காலால் மிதித்து ஒலியை மாற்றும் வா-வா பெடல் வழியாக விட்டு அந்த ஒலியைக் கொண்டுவந்தார். மேற்கத்தியர்களின் மோர்சிங்கான ஜ்யூஸ் ஹார்ப் மாதிரியே இருக்கும்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநில ஏழை ஒருவனின் துயரமாக ஒரு பாட்டு உண்டு, ‘தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்சி டவுன்’. எழுதியவர் கனடாக்காரர் ராபர்ட்சன், நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டு எழுதியது. லெவன் பாடும்போது உருகாமல் இருக்க முடியாது. அடிமைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று இன்று எழும் எதிர்ப்பு நியாயமானதுதான்.

இன்னொன்று பணத் தகராறு. பெரும்பாலான பாடல்களில் ராபர்ட்சன் பெயர்தான் இருக்கிறது. ஐவரும் சேர்ந்து உருவாக்கியதற்கு ஒருவருக்கு மட்டும் உரிமைத்தொகை போகிறது என்று லெவன் 1993இல் வந்த தன் சுயசரிதையில் பொரிந்து தள்ளினார். 1994இல் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோதும் வரவில்லை. ராபர்ட்சன் பக்கத்திலும் நியாயம் உண்டு: மற்றவர்கள் சோம்பிக் கிடந்தபோது உட்கார்ந்து எழுதியவர் அவர்தான். ஆனால் பதிப்புரிமை பார்ப்பது வரியையும் மெட்டையும்தான். ஹட்சனின் அந்த மோர்சிங் ஒலிக்கு அதில் இடமில்லை, மேனுவலின் தள்ளாட்டத்துக்கும் இல்லை. இந்த மாதிரி இசையில் பாதிப் பாட்டு அங்கேதானே இருக்கிறது? அதனால் நான் லெவன் கட்சி.

எங்கே தொடங்குவது? பலரும் மார்ட்டின் ஸ்கோர்செசி எடுத்த ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ படத்தைச் சொல்வார்கள். 1976 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ விண்டர்லேண்ட் அரங்கில் நடந்த பிரியாவிடைக் கச்சேரி அது. நான் அதைப் பிறகு பார்க்கச் சொல்வேன். விருந்தாளிப் பாடகர்கள் கூட்டத்தில் இவர்கள் மறுபடி பக்கவாத்தியமாகிவிடுகிறார்கள். முதலில் 1969 ஆல்பம், அடுத்து 1968 ஆல்பம். அதிலுள்ள ‘தி வெயிட்’ பாட்டில் பல்லவி முடிகிற இடத்தில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து சேர்வதைக் கவனியுங்கள். பிறகு படத்தைப் போட்டால், அதே பாட்டை இவர்களோடு ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற காஸ்பெல் குடும்பம் பாடுகிற காட்சி வரும், தனியாக ஸ்டுடியோவில் எடுத்தது. மேவிஸ் ஸ்டேபிள்ஸ் வாயைத் திறந்ததும், அந்தக் குரலடுக்கை இவர்கள் யார் வீட்டிலிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும்.