மஸ்கட் துப்பாக்கியும் மஸ்கட் நகரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய போர்களைப் பற்றி வாசிக்கையில் 'மஸ்கட்' என்ற துப்பாக்கி அடிக்கடி வருகிறது. ஓமனின் மஸ்கட் துறைமுகம் நெடுநாள் போர்த்துகீசியர் கையில் இருந்ததே, அந்த ஊர் வழியாக வந்ததால்தான் இந்தப் பெயரா?

க.

அன்புள்ள க.,

வரலாற்றைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். 1507 முதல் 1650 வரை அந்த ஊர் போர்த்துகீசியர் வசம்தான் இருந்தது. ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை. தமிழில் ஊரையும் ஆயுதத்தையும் ஒன்றுபோல எழுதுவதால் வரும் மயக்கம் இது. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து.

துப்பாக்கியின் பெயருக்கு வேர் ஈ. லத்தீனில் 'முஸ்கா', இத்தாலியில் 'மோஸ்கா'. ஸ்பானியர்கள் அதையே சின்னதாக்கிக் கொசுவை 'மொஸ்கிட்டோ' என்றார்கள். இத்தாலியில் 'மொஸ்கெட்டோ' என்றால் விசைவில்லில் பூட்டி எய்யும் குட்டை அம்பு. வில் போய் வெடிமருந்து வந்தபோது அம்பின் பெயர் துப்பாக்கிக்கு ஒட்டிக்கொண்டு, பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போனது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். துப்பாக்கி வருமுன்பே ஆங்கிலத்தில் 'மஸ்கட்' உண்டு, அது பறவை. குருவி பிடிக்கும் சிறு பருந்தின் ஆண். பெட்டையைவிட உருவில் சிறியது. யார் எந்தப் பருந்தை வளர்க்கலாம் என்று 1486-இல் இங்கிலாந்தில் அச்சான வேட்டை நூல் ஒன்று வரிசை சொல்கிறது. அதில் பாதிரியாருக்குப் பெட்டை. தேவாலயத்தில் புனித நீர் சுமக்கும் சிற்றூழியருக்கு மஸ்கட். இந்தப் பெயருக்கும் அதே ஈதான் வேர். வேட்டைப் பறவையின் பெயரை ஆயுதத்துக்கு வைப்பது அன்று வழக்கம்தான். 'ஃபால்கன்', 'சேக்கர்' இரண்டும் வேட்டைப் பறவை, இரண்டும் பீரங்கி.

பெயர்தான் ஈ. ஆல்பா கோமகனின் ஸ்பானியப் படை 1567-இல் நெதர்லாந்துக்குக் கொண்டுபோன மஸ்கட்டைத் தோளில் வைத்து அப்படியே சுட முடியாது. அவ்வளவு கனம். கவட்டைக் கோல் ஒன்றைத் தரையில் ஊன்றி, அதன்மேல் குழலைச் சாய்த்து, புகையும் திரியை மருந்தில் இறக்க வேண்டும்.

நம் 'துப்பாக்கி'யும் இப்படித்தான் வந்திருக்கிறது. அதன் மூலம் துருக்கியின் 'துஃபெக்'. மஹ்மூத் அல் காஷ்கரி 11-ஆம் நூற்றாண்டில் தொகுத்த துருக்கி அகராதியில் அதன் பழைய வடிவம் இருக்கிறது. பொருள்: மரக்கிளையில் செய்த, வாயால் ஊதி எய்யும் குழல். அதை வைத்து அவர்கள் அடித்ததும் குருவியைத்தான்.